டீலர் வைக்கும் லாபம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பல வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 காரை, ‘நானே வைத்து ஓட்டப்போகிறேன்’ என்ற ஒருவருக்கு விலை குறைத்துக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அதை ஒன்றரை மடங்கு விலைக்கு விற்பனைக்கு வைத்திருக்கிறார். அவர் டீலராம். ஆர்வலர்களின் கார்களை இப்படி வாங்கி விற்பதே தவறு என்கிறேன். உங்கள் கருத்து?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை ஏமாற்றியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் லாபம் வைத்தது குற்றமில்லை. பொய் சொல்லி விலையைக் குறைக்க வைத்ததுதான் குற்றம். ‘நான் டீலர்’ என்று சொல்லியே அதே விலைக்குக் கேட்டு, நீங்களும் சந்தை நிலவரம் விசாரிக்காமல் கொடுத்திருந்தால், அவர்மேல் எனக்குக் கோபம் வராது.

அந்த ஒன்றரை மடங்குக்கு அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. இந்தக் காரின் பின்பக்க சப்ஃப்ரேமை (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் உலோகச் சட்டத்தை) மெல்லிய தகட்டுத் தளத்தில் நான்கு இடங்களில் மாட்டியிருப்பார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அந்தத் தகடு முறுக்கு வாங்கி, நாளடைவில் ஸ்பாட் வெல்டு (தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்த பற்றவைப்பு) விட்டுப்போய் விரிசல் காணும். ஒழுங்கான டீலர் சப்ஃப்ரேமை இறக்கி, அடிப்பாகத்தின் துருத்தடுப்புப் பூச்சான அண்டர்கோட்டைச் சுரண்டி, விரிசலை வெல்டு வைத்து அடைத்து, நான்கு இடத்திலும் வலுவான தகடு பற்றவைப்பார். இந்த எஞ்சினில் சீக்கிரம் தேயக்கூடிய கனெக்டிங் ராட் பேரிங்கையும் (பிஸ்டன் தண்டு கிராங்க்ஷாஃப்டோடு சேரும் இடத்துத் தாங்கியையும்) மாற்றுவார். படமும் பில்லும் காட்டி, வாரண்டியும் தருவார். அவர் கேட்கும் விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு வகை டீலர் அதே விரிசலின் மேல் புது அண்டர்கோட் அடித்துவிடுவார். இந்தக் கார்கள் 2006-க்குப் பிறகு வரவே இல்லை. இத்தனை வயதான அடிப்பாகத்தில் சப்ஃப்ரேம் பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று மின்னினால், ‘இங்கே சுரண்டிப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். மறுத்தால் நடையைக் கட்டலாம்.

பார்க்க ஆள் வருவதற்கு முன் ஸ்கேனர் போட்டு, காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளை (ஃபால்ட் கோடு) அழிப்பதும் உண்டு. அழித்தால், கணினி தன் சோதனைகளை முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களும் கூடவே அழியும். அவை மறுபடி ‘முடிந்தது’ என்று காட்ட, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதில் தொடங்கி சீரான வேகத்தில் போவதுவரை பலவிதமாக ஓட்டியாக வேண்டும். ஆகவே ஃபால்ட் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், மானிட்டர்களையும் பாருங்கள். மானிட்டர் முடியவில்லையே என்றால், ‘நேற்றுதான் பேட்டரி மாற்றினோம், அதில் அழிந்துவிட்டது’ என்பார்கள். இவர்களுக்கு மட்டும் எப்போதும் நேற்றுதான் பேட்டரி போகிறது! ‘நீங்கள் ஒரு வாரம் ஓட்டி வையுங்கள், பிறகு வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

வாய்வார்த்தையை நம்பி விலை குறைக்காதீர்கள். ஃபோர்டு கம்பெனியே ஜிடி காரை 24 மாதம் விற்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தது. மல்யுத்த வீரர் ஜான் சீனா அதற்குள் விற்றதும் 2017-இல் வழக்குப் போட்டது, மறுவருடம் சமரசமானது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘ஓராண்டுக்குள் விற்பதானால், வாங்கிய விலையோடு பில் உள்ள செலவைச் சேர்த்து முதலில் எனக்கே தர வேண்டும்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். தயங்குகிறவரிடம் முழு விலை கேளுங்கள்.

உங்களிடம் உள்ள சர்வீஸ் பில் நகல்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அந்தக் காரை அடுத்து வாங்குகிறவர் விவரம் கேட்டு உங்களிடம்தான் வருவார்.