1935 ஸ்பார்ட்டகியாட் தபால்தலைகள்: கேள்வி பதில்

பழைய ஆல்பத்தில் ஓட்டக்காரர், சைக்கிள், டென்னிஸ் படம் போட்ட ஸ்டாம்புகள் இருக்கின்றன. "சி.சி.சி.பி." என்று எழுதியிருக்கிறது. எந்த நாடு? முழு செட் எத்தனை?

அது ரஷ்ய எழுத்து. "சி" போலத் தெரிவது "எஸ்", "பி" போலத் தெரிவது "ஆர்". ஆக, சோவியத் ஒன்றியம். உலகத் தொழிலாளர் விளையாட்டு விழாவான ஸ்பார்ட்டகியாடுக்காக 1935 ஏப்ரல் 22 அன்று வந்த வரிசை இது. மொத்தம் 10: 1 கோபெக் (சோவியத் காசு) ஓட்டம், 2 டைவிங், 3 துடுப்புப் படகு, 4 கால்பந்து, 5 பனிச்சறுக்கு, 10 சைக்கிள், 15 டென்னிஸ், 20 ஐஸ் ஸ்கேட்டிங், 35 தடை ஓட்டம், 40 வீரர் அணிவகுப்பு. பெர்ஃபரேஷன் 14, அதாவது 2 செ.மீ. நீளத்தில் 14 துளை. 1938இல் இன்னொரு சோவியத் விளையாட்டு வரிசையும் வந்தது. இரண்டையும் கலந்து "முழு செட்" என்று விற்பார்கள், கவனம்.

ஆல்பத்திலிருந்து எடுக்கிறேன் என்று தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் போட்டியில் எந்த நாடு ஜெயித்தது?

யாருமில்லை. போட்டியே நடக்கவில்லை.

தொழிலாளர் விளையாட்டுக்கு அப்போது இரண்டு அகிலங்கள், அதாவது சர்வதேச அமைப்புகள், இருந்தன. சமூக ஜனநாயகக் கட்சிகள் பக்கம் சாய்ந்த தொழிலாளர் விளையாட்டு அகிலம் 1920இல் லூசர்னில் உருவானது. பிராங்க்பர்ட் (1925), வியன்னா (1931), ஆண்ட்வெர்ப் (1937) தொழிலாளர் ஒலிம்பியாடுகள் அதனுடையவை. 1921இல் மாஸ்கோவில் தொடங்கிய சிவப்பு விளையாட்டு அகிலம் கம்யூனிஸ்டுகளுடையது. இவர்கள் ரோமாபுரியில் அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்த ஸ்பார்ட்டகஸ் பெயரில் 1928 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒரு ஸ்பார்ட்டகியாட் நடத்தினார்கள். அடுத்ததை உலக அளவில் 1933இல் நடத்தத் திட்டமிட்டு, 1934க்குத் தள்ளிவைத்து, கடைசியில் கைவிட்டார்கள். பந்தி போடாத கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தது போல, தபால்தலை மட்டும் வெளிவந்துவிட்டது.

என்ன விலை போகும்?

நிலையைப் பொறுத்தது. ஒரிஜினல் பசையோடு, ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்ட உதவும் சிறு காகிதத் துண்டு) படாத முழு செட்டுக்கும் தபால் முத்திரை விழுந்த செட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள்.

முன்னால் முத்திரை, பின்னால் முழுப் பசை. போலியா?

போலி அல்ல. சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே முத்திரை குத்திக் கொடுத்தவை. முத்திரை ஒரு மூலையில் கால்வட்டமாக, படத்தைக் கெடுக்காமல் விழுந்திருக்கும். கடிதத்தில் ஒட்டிப் போனதற்கு அவ்வளவு மரியாதையாக முத்திரை விழாது.

திரும்பப் பசை பூசியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தபால்தலை ஓரத்துப் பல்லைப் பாருங்கள். அச்சகத்தில் முதலில் பசை பூசுவார்கள், பிறகுதான் துளை போடுவார்கள். அதனால் பல் நுனியில் காகித நார் பஞ்சு போல மென்மையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னாளில் பூசியிருந்தால் பசை அந்த நாருக்குள் ஊறி நுனி விறைத்திருக்கும். உள்ளங்கையின் பின்புறத்தில் மெல்லத் தடவினால் குத்தும். 10 மடங்கு லென்ஸில் நுனி கண்ணாடி போலப் பளபளக்கும். ஒரு பல்லோடு நிறுத்தாமல் நான்கு பக்கமும் பாருங்கள்.

சார், என்கிட்ட 6 இருக்கு. ரேட் என்ன?

விலைக் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது.

1931 வியன்னா ஒலிம்பியாட் ஸ்டாம்ப் ஒன்று இருக்கிறது, விலை எண் இல்லை. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, அது லேபிள். விழாவை விளம்பரப்படுத்தக் கவரில் ஒட்டும் சீட்டு.

இதை ஏற்க முடியாது. வியன்னா விழா உண்மையில் நடந்தது. நடக்காத விழாவுக்கு வந்தது நினைவுத் தபால்தலை, நடந்த விழாவுக்கு வந்தது வெறும் சீட்டா?

நியாயமான கோபம். ஆனால் நீங்கள் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கட்டுகிறீர்கள். எதை நினைவுகூர்கிறது என்பது சரித்திரம். தபால்தலையா இல்லையா என்பது கட்டணம். 40 கோபெக் அணிவகுப்பை ஒட்டினால் சோவியத் தபால்துறை 40 கோபெக் கட்டணம் கட்டியதாக ஏற்றுக்கொண்டது. வியன்னா லேபிளை மட்டும் ஒட்டி அனுப்பியிருந்தால் பெறுபவர் தலையில் அபராதம்.

அப்படியானால் லேபிளைக் குப்பையில் போடலாமா?

யார் சொன்னது? சரித்திர ஆவணமாக, நடக்காத விழாவின் தபால்தலையை விட அது கனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1931 ஜூலை 19 முதல் 26 வரை, புத்தம் புதிய பிராட்டர் ஸ்டேடியத்தில் நடந்த விழா அது. லேபிள் கவரிலேயே இருந்து, முத்திரை பாதி லேபிள் மேலும் பாதி கவர் மேலும் தொடர்ச்சியாக விழுந்திருந்தால் இன்னும் நல்லது. அதைக் கிழித்தெடுக்காதீர்கள், கவரோடு வையுங்கள். கண்காட்சிக்கு என்றால், பாதி வரை தபால் சாராத பொருளை அனுமதிக்கும் திறந்த பிரிவில் வைக்கலாம். மரபான பிரிவில் வைத்தால் மதிப்பெண் போகும்.

பார்சலோனா 1936 ஒலிம்பியாட் ஸ்டாம்ப்?

அந்த மக்கள் ஒலிம்பியாடும் நடக்கவில்லை. ஜூலை 19 தொடக்கம் என்றிருந்தது, அதற்குள் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்துவிட்டது. கிடைப்பவை லேபிள்கள்தான். மேலே போட்ட சண்டை இதற்கும் பொருந்தும், மறுபடி வேண்டாம்.

மழைக்காலத்தில் 15 கோபெக் ஸ்டாம்ப் ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் போடலாமா?

கூடாது. வெந்நீரும் கூடாது, தண்ணீரும் கூடாது. பசை போனால் மதிப்பில் பெரும்பங்கு போச்சு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து, அதன் மேல் வலைத்தட்டு வைத்து, தாளைச் சுற்றிலும் வெட்டி, படம் மேலே தெரிய வையுங்கள். ஈரம் தபால்தலையைத் தொடக் கூடாது. அரை மணிக்கொரு முறை திறந்து ஓர் ஓரத்தை இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். வராவிட்டால் மூடிவிடுங்கள், இழுக்காதீர்கள். வந்ததும் முகம் கீழே இருக்க உலரவிட்டு, பிறகு கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள் வையுங்கள். பசையில் கொஞ்சம் தழும்பு விழத்தான் செய்யும். விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

1982 டெல்லி ஆசிய விளையாட்டு ஸ்டாம்ப் பற்றி?

என் துறை அல்ல. இந்தியத் தபால்தலை சேகரிப்பவர்களைக் கேளுங்கள்.

முழு செட் என்ன விலை?

மூன்றாவது பதில்.