வயிற்று வழி டயாலிசிஸில் விடும் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது?

பெரம்பூரில் இருக்கும் அப்பாவுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் சொல்லியிருக்கிறார்கள், ஒரு தடவைக்கு 2 லிட்டர் விட்டால் குடல் ஊறிப்போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊறாது. அந்தத் தண்ணீர் குடலுக்குள் போவதே இல்லை. சென்னையில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறவன் நான். சிகிச்சை முடிவை உங்கள் நெப்ராலஜிஸ்ட்தான் (கிட்னி டாக்டர்) எடுக்க வேண்டும்.

வயிற்றுச் சுவரின் உட்புறத்தை ஒட்டி பெரிட்டோனியம் என்ற வழவழப்பான சவ்வு இருக்கிறது. சுவரோடு நிற்காமல் மடங்கி வந்து இரைப்பை, சிறுகுடல், மண்ணீரல், கல்லீரலின் பெரும்பகுதி என்று எல்லாவற்றையும் போர்த்துகிறது. மெரினாவில் விற்கும் காற்றுப் பந்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு முஷ்டியால் அமுக்கிப் பாருங்கள். கையைச் சுற்றிப் பந்து இருக்கும், ஆனால் கை பந்துக்குள் இருக்காது. குடலும் அப்படித்தான். சுவர்ப் பக்க அடுக்குக்கும் உறுப்புப் பக்க அடுக்குக்கும் நடுவிலுள்ள இடுக்கில், உராயாமல் வழுக்குவதற்காகக் கொஞ்சம் திரவம் எப்போதும் இருக்கும், 50 மில்லிக்குள். அப்பாவின் 2 லிட்டரும் அந்த இடுக்கில்தான் நிற்கப்போகிறது.

விரித்தால் இந்தச் சவ்வு கிட்டத்தட்ட உடம்புத் தோல் அளவுக்கு வரும். அதற்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஏராளம். உள்ளே விடும் டயாலிசிஸ் திரவத்திலுள்ள குளுக்கோஸ் அவற்றிலிருந்து நீரை இழுக்கும். ரத்தத்திலுள்ள கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் தாமாகக் கசிந்து வந்து சேரும். வேடிக்கை என்னவென்றால், வேலையை நிறுத்திய கிட்னி இரண்டும் இந்தச் சவ்வுக்குப் பின்னால், முதுகுப் பக்கம் கிடக்கின்றன.

திரவத்தை விட்டு வடிக்கும் ட்யூபின் நுனியை மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே வைப்பார்கள். ஆண்களுக்கு அதுதான் அடிப்பள்ளம். கறிக்கடையில் ஆட்டு வயிற்றைப் பிரிக்கும்போது வலைபோலக் கொழுப்பு வரும், பார்த்திருப்பீர்கள். நமக்கும் உண்டு, ஒமென்டம் என்று பெயர். எங்கே அழற்சி வந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு அது பரவாமல் பார்த்துக்கொள்ளும். நல்ல குணம்தான், ஆனால் சிலருக்கு ட்யூபையும் சுற்றி அடைத்துவிடும். மலச்சிக்கல் இருந்தாலும் திரவம் சரியாக வடியாது. ஆகவே நர்ஸ் "மோஷன் போனீங்களா" என்று கேட்டால் அப்பாவை மழுப்பாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

சுவர்ப் பக்க அடுக்குக்கு வயிற்றுத் தோலுக்கு வரும் அதே நரம்புகள்தான், வலித்தால் விரல் வைத்து இடம் காட்டலாம். உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அடியில் சீண்டல் என்றால் மட்டும் வலி தோளில் தெரியும், அந்த நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. ட்யூப் வழியே காற்று போனாலும் இப்படி வலிக்கலாம், நர்ஸிடம் சொல்லுங்கள். வடிந்து வரும் திரவம் கலங்கலாக இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. சவ்வில் கிருமி தொற்றியிருக்கலாம். அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.