மூக்கை நம்பாதீர்கள்

கேள்வி: மருத்துவக் கருவிகளுக்குக் கிருமி நீக்கும் பிரிவில், எத்திலீன் ஆக்ஸைடு இயந்திரத்தில் வேலை. நானும் மனைவியும் குழந்தைக்கு முயல்கிறோம். என்95 மாஸ்க் போதுமா?
– வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது. என்95 தூசிக்கானது, இது வாயு, மரபணுவையே சிதைக்கக்கூடியது. வாசம் தெரியும்போது அளவு நூற்றுக்கணக்கான பிபிஎம்மைத் (பிபிஎம் என்பது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொட்டிருக்கும். அமெரிக்கத் தொழிலிட வரம்போ 8 மணி நேரச் சராசரியாக 1 பிபிஎம்தான்! அதனால் எச்சரிக்கை மணியுள்ள வாயுமானி அவசியம்.

ஆபத்து அதிகம் இயந்திரக் கதவைத் திறக்கும்போதுதான். பிளாஸ்டிக்கும் ரப்பரும் வாயுவை உறிஞ்சி வைத்து மெல்லக் கக்கும். 50 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரமோ 60-ல் 8 மணி நேரமோ காற்றூட்டிய பிறகே பொட்டலத்தை எடுங்கள். அவசரத்துக்கு இதைக் குறைப்பதுதான் வழக்கமான தப்பு. திரவம் பட்ட தோல் செருப்பைக் கழுவிப் பயனில்லை, அப்புறப்படுத்துங்கள்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாளாகும். அதனால் குழந்தைக்கு முயலும் முன் குறைந்தது 3 மாதமாவது வேறு பிரிவு கேளுங்கள்.