கொள்ளிடக் கரையில் 20 கிலோமீட்டர்: தண்ணீரை எதில் எடுத்துப்போவது?

திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தினமும் காலையில் வாய்க்கால் கரையில் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுவேன். தண்ணீர் எடுத்துப்போவதில்லை. இனி கொள்ளிடக் கரையில் 20 கிலோமீட்டர் போகலாம் என்று இருக்கிறேன். முதுகில் மாட்டிக் குழாயில் உறிஞ்சும் 2 லிட்டர் பை வாங்கு என்கிறான் நண்பன். கைப்பாட்டில் போதாதா?"

கைப்பாட்டில் போதாது. அந்தப் பையும் தேவையில்லை.

எதை வாங்குவது என்று பார்க்கும் முன், உங்கள் உடம்பிலிருந்து மணிக்கு எவ்வளவு வேர்வை போகிறது என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் இது அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை மாறும். ஓடப் போகும் முன் துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, வேர்வையை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 68.4 கிலோ 67.5 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால், போனது 1.2 லிட்டர். சித்திரையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை பார்த்தால் வித்தியாசம் தெரியும். விடியற்காலையில்தான் ஓடுகிறேன், வெயிலே இல்லையே என்று நினைக்க வேண்டாம். டெல்டாவில் அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் அதிகம். வேர்வை காயாமல் வழிந்தே போகும், உடம்பு குளிராது.

போன தண்ணீரை முழுக்க ஈடுகட்ட வேண்டும் என்பதில்லை. நிதானமாக ஓடினால் 20 கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி 2.7 லிட்டர் போகும். தாகத்துக்கு ஏற்ப ஒன்றரை லிட்டர் உள்ளே போனாலே பெரும்பாலானவர்களுக்குச் சமாளிக்கும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் கவலைப்பட வேண்டும்: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

ஆக, கையோடு ஒரு லிட்டர், வழியில் அரை லிட்டர். இதற்குச் சரியானது முன்பக்கம் இரண்டு பாக்கெட் உள்ள ரன்னிங் வெஸ்ட்டும் (ஓடும்போது மாட்டிக்கொள்ளும், உடம்போடு ஒட்டி நிற்கும் கையில்லாத சட்டை), 500 மில்லி சாஃப்ட் ஃபிளாஸ்க் (மடங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில்) இரண்டும். குடிக்கக் குடிக்க ஃபிளாஸ்க் சுருங்கிவிடும், அதனால் தண்ணீர் குலுங்காது. எவ்வளவு மீதி என்பதும் கண்ணுக்குத் தெரியும். முதுகுப் பையில் அது தெரியாது. அதைவிட, நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகை மூடிக்கொண்டு ஓடுவது எனக்குப் பிடிக்காது, தண்ணீரும் சூடாகிவிடும். கடை கண்ணி இல்லாத மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் ஓடுபவருக்கு அந்தப் பை சரி. அப்போதும் நிரப்பியபின் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால்தான் சளசளப்பு நிற்கும்.

கைப்பாட்டில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அருமை. துரத்தும் நாய் மேல் பீய்ச்சவும் உதவும்! ஆனால் வரப்பில் கால் இடறினால் ஊன்றுவதற்குக் கை காலியாக இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் அரை லிட்டருக்கு மேல் ஏற்றினால் கீழே இறங்கிக்கொண்டே வரும், இழுத்துவிட்டே அலுத்துப்போகும்.

அந்த அரை லிட்டருக்கு ஊர்ப்பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடையைப் பார்த்துவையுங்கள். கரை மேலேயே போனால் வெகுதூரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறைய தண்ணீர் ஓடினாலும் அதைக் குடிக்காதீர்கள். வயலில் அடித்த பூச்சிமருந்து அதில் கலந்திருக்கும். சாதாரண ஃபில்டர் பாட்டில் கிருமியைத் தடுத்தாலும் மருந்தைத் தடுக்காது. பம்புசெட் ஓடினால் கேட்டுவிட்டுத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள், சுகமாக இருக்கும்.

ஒரு ஃபிளாஸ்க்கில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழு லிட்டரில் கரைத்து, அதிலிருந்து அரை லிட்டர் ஊற்றிக்கொள்ளுங்கள். அரை லிட்டரில் முழு பாக்கெட்டைப் போட்டால் வயிறு கெடும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மோர் வீட்டுக்கு வந்து குடிப்பதற்கு. ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் அந்தப் புளித்த வாடை போகவே போகாது.

வெஸ்ட் வாங்கும்போது மார்பளவு பார்த்து வாங்குங்கள். இரண்டு ஃபிளாஸ்க்கையும் நிரப்பி மாட்டிக்கொண்டு கடையிலேயே நாலு குதி குதித்துப் பாருங்கள். முதல் தடவையே 20 கிலோமீட்டருக்குப் போட்டுக்கொண்டு கிளம்பாமல், உங்கள் வழக்கமான ஏழெட்டு கிலோமீட்டரில் சில நாள் ஓடிப் பாருங்கள். அக்குளிலும் கழுத்தோரமும் எங்கே உராய்கிறது என்று அப்போது தெரிந்துவிடும், அங்கே வாஸ்லின் தடவிக்கொள்ளலாம்.