டெப்பில் பைல் தேடி அலுத்துப்போச்சு!

கேள்வி: கல்முனையில் டியூஷன் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கான பாஸ்ட் பேப்பர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். அவற்றை டெப்பிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எங்கே கிடக்கின்றன என்றே தெரியவில்லை. நல்ல பைல் மேனேஜர் ஒன்று சொல்லுங்களேன்.
- ஓர் ஆசிரியை

பதில்: குறை உங்களிடம் இல்லை டீச்சர். அண்ட்ராய்டு 11 வந்ததிலிருந்து வட்ஸ்அப் தன் பைல்களை 'அண்ட்ராய்டு' போல்டருக்குள் 'மீடியா', அதற்குள் 'கொம்.வட்ஸ்அப்', அதற்குள் இன்னொரு வட்ஸ்அப், மறுபடியும் ஒரு 'மீடியா' என்று கொண்டுபோய், கடைசியில் 'வட்ஸ்அப் டொக்யுமென்ட்ஸ்' என்ற போல்டரில் போடுகிறது. இவ்வளவு தூரம் யார் போவார்?

அடுத்த தொல்லை, பல பைல் மேனேஜர் அப்கள் போனுக்குச் செய்த திரையை டெப்புக்கு அப்படியே இழுத்து விரித்தவை. இவ்வளவு அகலம் இருந்தும் ஒரே ஒரு பட்டியல்தான், 'மூவ்' கொடுத்ததும் பழைய இடம் மறைந்துவிடும், எதை எங்கே கொண்டுபோகிறோம் என்பதே மறந்துபோகும். டெப்பைக் கிடையாகத் திருப்பி டோட்டல் கொமாண்டர் என்ற பைல் மேனேஜரைத் திறந்து பாருங்கள், இலவசம்தான், இடப்பக்கம் பேப்பர், வலப்பக்கம் பென் டிரைவ் என்று இரண்டும் ஒன்றாகத் தெரியும். பார்க்க அழகில்லை, பட்டன்களும் சின்னது. அழகும் வேண்டுமென்றால் சொலிட் எக்ஸ்புளோரர் இருக்கிறது, ஆனால் இலவசமாகப் பாவித்துப் பார்க்கும் காலம் முடிந்தபின் காசு கேட்கும்.

அப்புறம், பேப்பர் வந்த உடனேயே 'டவுன்லோட்ஸ்' போல்டரில் பாடம், ஆண்டு போட்டு பெயர் மாற்றிச் சேமியுங்கள், தேடல் பெட்டியில் '2019 கணிதம்' என்று அடித்தாலே வந்துவிடும்.