குழந்தை வளர்ச்சியில் ‘சாரம்’ (கட்டடத்துக்குக் கட்டும் சாரம், scaffolding) என்கிறார்களே, அது என்ன?

ஒரு வேலையைக் குழந்தையால் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்தில் ஒருவர் லேசாகக் கைகொடுத்தால் செய்துவிடும். அந்த இடைவெளியில் கற்பிப்பதுதான் பலன் தரும் என்றார் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). அங்கே கொடுக்கும் தற்காலிக உதவிக்குச் ‘சாரம்’ என்று பெயர் வைத்தவர்கள் வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும். 1976-இல், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பிரமிடாக அடுக்குவதைப் பார்த்து எழுதினார்கள்.

சரி, உதவி ஏன் வேண்டும்? சின்னப் பிள்ளையால் எல்லாப் படிகளையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. பாதியை நாம் பிடித்துக்கொண்டால் மீதியில் அதன் கவனம் நிற்கும்.

காரைக்குடிப் பக்கம் ஆயா பேத்திக்குக் கொட்டான் (பனையோலைக் கூடை) முடையச் சொல்லிக்கொடுப்பதைப் பாருங்கள். முதலில் அடிப்பாகத்தை ஆயாவே பின்னித் தருவார். பேத்தி ஓலையை மேலே கீழே கோத்துக்கொண்டே போவாள். மூலை திருப்பும்போது மட்டும் ஆயாவின் விரல் வந்து ஓலையை அழுத்திப் பிடிக்கும். நாலைந்து கொட்டானுக்கு அப்புறம் அந்த விரலும் வராது, “ம், அடுத்து?” என்ற குரல் மட்டும்தான். (கோணலாக வந்த முதல் கொட்டானைத் தூக்கிப் போடாத ஆயாக்கள் வாழ்க!) பெரிய வீட்டுச் சுவருக்குக் கட்டிய சாரத்தையும் பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம் அல்லவா?

பலர் இதைப் பிள்ளையின் வேலையை நாமே முடித்துக் கொடுப்பது என்று நினைக்கிறார்கள். ஆயாவே முழுக் கொட்டானையும் முடைந்துவிட்டால் அதற்குப் பெயர் சாரம் இல்லை.