ஜாங்கோவில் டெம்ப்ளேட் கோப்புறையின் இடத்தை எவ்வாறு குறிப்பிடுவது?

பாம்பன் மீன் ஏல விலைகளைக் காட்டும் உங்கள் ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையதளம் அமைக்கும் கட்டமைப்பு) தளம் வீட்டுக் கணினியில் ஓடியும், மண்டபத்தில் உள்ள சங்கக் கணினியில் டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவத்தைத் தரும் கோப்பு) கிடைக்கவில்லை என்று பிழை தருவதற்குக் காரணம், டெம்ப்ளேட்டுகளைத் தேட வேண்டிய கோப்புறைகளைக் குறிக்கும், அமைப்புக் கோப்பிலுள்ள 'டிர்ஸ்' பட்டியலில் வெறுமனே 'டெம்ப்ளேட்ஸ்' என்று எழுதியிருப்பதே. அத்தகைய சார்புப் பாதையை ஜாங்கோ, நிரலை எந்தக் கோப்புறையிலிருந்து இயக்குகிறீர்களோ அங்கிருந்தே கணக்கிடும். ஆகவே திட்டத்தின் மூலக் கோப்புறையைக் குறிக்கும் 'பேஸ்_டிர்' மாறியுடன் இணைத்து முழுப் பாதையாகக் கொடுங்கள். 2020இல் வந்த 3.1 பதிப்பு முதல் புதிய திட்டங்களில் 'பேஸ்_டிர்' மாறிக்கும் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற பெயருக்கும் இடையே ஒரு சாய்கோடு போட்டாலே போதும்.

தேடும் வரிசையை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலில் 'டிர்ஸ்' தேடப்படும்; அதே அமைப்பிலுள்ள 'ஆப்_டிர்ஸ்' ட்ரூ (ஆம்) என்றிருந்தால், அதன்பின் பதிவு செய்த வரிசைப்படி ஒவ்வொரு செயலியின் (தளத்தின் தனித்தனிப் பகுதி) 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறையும் தேடப்படும். நண்டு, இறால் ஆகிய இரு செயலிகளிலும் 'விலை.எச்டிஎம்எல்' என்றே பெயரிருந்தால், இறால் பக்கமும் நண்டின் டெம்ப்ளேட்டிலேயே திறக்கக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். அந்தந்த 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறைக்குள் செயலியின் பெயரில் ஓர் உட்கோப்புறை அமைத்து, 'இறால்/விலை.எச்டிஎம்எல்' என்று அழையுங்கள்.